புகை தெரியும், மரம் தெரியுமா?

வெள்ளிக்கிழமை மாலை திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் நடந்து போகிறவர்களின் மூக்கில் இரண்டு வாசனைகள் ஒன்றாக ஏறும். ஒன்று லேத் பட்டறைகளின் எண்ணெய் வாசனை. இன்னொன்று சாம்பிராணிப் புகை. வேலை முடிந்ததும் இயந்திரங்களைத் துடைத்து, பொட்டு வைத்து, கரித்தணலில் ஒரு சிட்டிகை தூவினால் போதும், பட்டறை முழுக்க மணக்கும்.

பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் கடைத்தெருக்களில் தணல் சட்டியும் மயில்தோகையுமாகக் கடை கடையாகப் புகை போட்டுக்கொண்டு போகும் பெரியவர்கள் உண்டு. பரங்கிமலைப் பக்கம் தேவாலயங்களில் தூபக்கலசம் ஆடும். டிசம்பர் மாதம் வந்தால் குடிலுக்கு முன்னால் மூன்று ஞானிகள் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் ஆகிய மூன்றையும் கையில் ஏந்தி நிற்பார்கள்.

எல்லா மதத்துக்கும் புகை வேண்டும். ஆனால் ஒரு கேள்வி. இந்தப் புகை எந்த மரத்திலிருந்து வருகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வெள்ளைப்போள மரத்தின் உறவுக்கார மரம் ஒன்று தமிழ்நாட்டில் வேலியாக நிற்கிறது என்று சொன்னால் நம்புவார்களா?

ஒரே புகை, பல மரங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நாட்டு மருந்துக் கடையில் கட்டி கட்டியாக மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் எல்லாவற்றையும் மக்கள் 'சாம்பிராணி' என்ற ஒரே பெயரில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உண்மையில் அவை வெவ்வேறு மரங்களின் பிசின்கள்.

அசல் சாம்பிராணி இந்தோனேசியாவின் சுமத்ரா போன்ற மழை மிகுந்த நாடுகளின் மரத்தில் கிடைப்பது. குங்கிலியம் வட இந்தியக் காடுகளின் சால் மரத்துப் பிசின். கருங்குங்கிலியம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டு மரத்திலிருந்து வருவது. இவை மழைக்காட்டுச் சொந்தங்கள், அல்லது ஓரளவு நல்ல மழை பெறும் காடுகளின் சொந்தங்கள்.

வறண்ட நிலத்து மரங்கள் வேறு. அரேபியாவின் ஓமன், ஏமன், ஆப்பிரிக்காவின் சோமாலியா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளில் கல்லும் முள்ளுமான பூமியில் வளர்பவை வெள்ளைப்போளமும் தூபவர்க்கமும். இந்தியாவில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் வளர்வது குக்குலு. தமிழ்நாட்டு வறண்ட மலைச்சரிவுகளில் நிற்கும் குந்துருக்கம் தூபவர்க்க மரத்தின் இனம். பறங்கிச் சாம்பிராணி என்பதும் அதன் பெயரே. கிளுவை, பச்சைக் கிளுவை ஆகிய இரண்டும் வெள்ளைப்போளத்தின் இனம். தாவரவியல் நூல்களில் வெள்ளைப்போளம், குக்குலு, கிளுவை ஆகிய எல்லாவற்றுக்கும் முதல் பெயர் ஒன்றுதான்: 'காமிஃபோரா'. இரண்டாவது பெயர் மட்டும் மாறும். குக்குலுவுக்கு அந்த இரண்டாவது பெயர் 'வைட்டியை'. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் நினைவாக வந்தது அது.

இந்த மரங்களுக்குப் பிசின் எதற்கு? மனிதன் சாமி கும்பிடுவதற்காக அல்ல. பட்டையில் காயம் பட்டால் பூச்சியும் பூஞ்சையும் உள்ளே நுழையாமல் அடைத்துக்கொள்ள மரம் தானே போட்டுக்கொள்ளும் மருந்து அது. வறண்ட நிலத்தில் ஒரு கிளையை இழந்தால் மறுபடி வளர்க்க அதிக நாள் ஆகும். அதனால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது அந்த மரங்களுக்கு மிக முக்கியம். கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, காகிதம் போல உரியும் பட்டைக்குக் கீழே இருக்கும் பச்சைத் தோலால் உணவு தயாரிக்கும் திறமையும் கிளுவை இனத்துக்கு உண்டு. பார்ப்பதற்குக் காய்ந்த குச்சி, உள்ளே உயிர்!

பொதி வந்தது, மரம் வரவில்லை

தமிழர்களுக்கும் பிசினுக்கும் உள்ள உறவு புதியதல்ல. ஓமன் நாட்டில் தூபவர்க்கம் ஏற்றுமதியான பழைய துறைமுகம் கோர் ரோரி. யுனெஸ்கோ 2000-ம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்ற பெயர் இருந்தது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் ஒரு கீரன் தூபவர்க்கத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறான், அல்லது அவன் பெயர் எழுதிய பானையாவது போயிருக்கிறது. கிழக்கே சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088-ம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதில் வருவது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. பாருஸ் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன ஊர்.

திருமுடிவாக்கத்துக்குப் பக்கத்து ஊரான குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் குங்கிலியக் கலய நாயனாரின் கதையைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் பிள்ளைகள் பசியால் வாடுகிறார்கள். மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொல்கிறார். வழியில் குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகன் வருகிறான். நாயனார் தாலியைக் கொடுத்து அந்தப் பொதியை வாங்கிக் கோயிலில் சேர்த்துவிடுகிறார்.

பக்திக்காகச் சொல்லப்படும் கதை இது. ஆனால் இன்னொரு விஷயத்தையும் அதில் கவனிக்கலாம். குங்கிலியம் அந்தக் கதைக்குள் பொதியாகத்தான் நுழைகிறது. மரமாக நுழையவில்லை. தொலைவில் யாரோ ஒருவர் மரத்தைக் கீறி, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மூட்டை கட்டி அனுப்புகிறார். இங்கே வாங்குகிறவருக்குத் தெரிவது மூட்டை மட்டுமே. இந்தப் பழக்கம் இன்று வரை மாறவில்லை. இப்போது பல வீடுகளில் அந்த மூட்டையும் போய்விட்டது. கரித்தூளும் மரத்தூளும் வாசனைப் பொருளும் சேர்த்து அச்சில் அழுத்திய 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' வந்துவிட்டது. தீப்பெட்டி உரசினால் புகை. மரத்தைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே இல்லை!

குக்குலு சொல்லும் பாடம்

மரத்தை மறந்துவிட்டு மூட்டையை மட்டும் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் குக்குலுவே சாட்சி.

குக்குலு சின்ன மரம், புதர் என்றே சொல்லலாம். மெதுவாக வளரும். பிசின் எடுக்கும் அளவுக்கு வளர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் அதற்குப் பல நூற்றாண்டு மதிப்பு. 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்தியவதி செய்த ஆராய்ச்சிக்குப் பிறகு, ரத்தத்தில் உள்ள கொழுப்பைக் குக்குலு குறைக்கும் என்ற பேச்சு உலகம் முழுவதும் பரவியது. 1980-களில் அதிலிருந்து எடுத்த மருந்து இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவிலும் மாத்திரைகளாக விற்றது. 2003-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு பரிசோதனையின் முடிவு வெளியானது. அந்தப் பரிசோதனையில் குக்குலு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது!

மருந்து நல்லதா இல்லையா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குள் மரத்தின் கதி என்ன ஆனது? தேவை கூடியதும் ஆழமாகக் கீறினார்கள். அதிகம் வடிய வேண்டும் என்று காயத்தில் ரசாயனப் பசை தடவினார்கள். அப்படிச் செய்தால் அந்த ஆண்டு பிசின் கொட்டும், பிறகு செடியே பட்டுப்போகும். 2015-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் குக்குலு 'மிக மிக ஆபத்தான நிலை' என்ற கடைசிப் படிக்கு வந்து நின்றது. அதற்கு அடுத்த படி, இயற்கையில் அற்றுப்போவதுதான்.

தூபவர்க்கத்தின் கதையும் இதே போக்கில்தான் போகிறது. எத்தியோப்பியா, சூடான் பகுதிகளின் தூபவர்க்கக் காடுகளை ஆராய்ந்தவர்கள் 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல காடுகளில் வயதான மரங்கள் மட்டுமே நிற்கின்றன, இளங்கன்றுகளே இல்லை என்றார்கள். தீ, மேய்ச்சல், ஓயாத கீறல் ஆகியவை காரணங்கள். இப்படியே போனால் 20 ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகிவிடும் என்பது அவர்களின் கணிப்பு.

'விலை இருந்தால் மரம் பிழைக்கும்' என்று பலரும் சொல்வார்கள். விலை உள்ள பொருளை மக்கள் தாமாகவே பாதுகாப்பார்கள் என்பது அவர்களின் கணக்கு. குக்குலுவின் விஷயத்தில் இந்தக் கணக்கு பொய்யாகிவிட்டது. காயப்படுத்தினால்தான் காசு என்றால், அதுவும் யாருக்கும் சொந்தமில்லாத காட்டில் நிற்கிறது என்றால், முதலில் வருகிறவன் ஆழமாகக் கீறிவிட்டுப் போவான். அடுத்த ஆண்டு என்பது அவன் கணக்கில் வராது.

வேலியாக நின்று பிழைத்த மரம்

இனி கிளுவையைப் பார்ப்போம். அதே குடும்பம், அதே இனம், அதே வறண்ட நிலம். ஆனால் வாழ்க்கை வேறு.

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் போனால் 'கொறங்காடு' என்ற மேய்ச்சல் நிலங்களைப் பார்க்கலாம். மழை குறைவான பகுதி அது. அந்த நிலத்தில் மூன்று செடிகள் கூட்டணி அமைத்திருக்கும். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்த மூன்றுக்கும் நடுவில்தான். உயிர்வேலி இருப்பதால் மாட்டைப் பட்டிக்குள் விட்டுப் படலைச் சாத்திவிட்டு விவசாயி வேறு வேலையைப் பார்க்கலாம். நாள் முழுக்க ஒருவர் பின்னாலேயே போய் மேய்க்க வேண்டியதில்லை.

அந்த வேலியை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. மழைக்கு முன்னால் போத்தை வெட்டி நெருக்கமாக நட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். கோடையில் இலை உதிர்ந்து முள்ளும் குச்சியுமாக நிற்கும். ஒரு மழை பெய்தால் பச்சை போர்த்திக்கொள்ளும். தழையை ஆடு கடிக்கும். வேலியில் பிரண்டையும் கோவையும் படரும். ஓணானும் கீரியும் கௌதாரியும் அதற்குள் குடியிருக்கும்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். கிளுவையிலும் பிசின் உண்டு. தழையைக் கசக்கினால் வாசனை வரும். ஆனால் அதற்காக யாரும் அதைக் கீறிக் கொல்லவில்லை. ஏனென்றால் விவசாயிக்கு அது உயிரோடு நின்றால்தான் பயன். செத்த வேலியால் யாருக்கு என்ன லாபம்? குக்குலுவுக்குப் பெரிய மதிப்பு இருந்தது, அது அழியும் நிலைக்கு வந்தது. கிளுவைக்குச் சின்ன மதிப்புத்தான் இருந்தது, அது தலைமுறை தலைமுறையாகத் தழைத்தது. காரணம், கிளுவைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், அவருக்கு அதனிடம் தினசரி வேலையும் இருந்தது.

கம்பி வேலி வந்த பிறகு

அந்த வேலைக்கு இப்போது போட்டி வந்துவிட்டது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தால் இரண்டு நாளில் வேலி தயார். நிலத்தை மனையாகப் பிரிக்கிறவர்களுக்குக் கோடு நேராக இருக்க வேண்டும். கிளுவை வேலி நேராக நிற்காது, வளைந்து நெளிந்து அகலமாகப் படரும். எனவே இயந்திரம் வந்து அதை ஒரே நாளில் வழித்துவிடுகிறது. பிடுங்கிய வேலியைக் குவித்து எரிக்கும்போது வரும் புகையும் வாசனைப் புகைதான். ஆனால் அதை முகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

கம்பி வேலி கேட்கிறவர்கள் சொல்லும் காரணங்களையும் கேட்க வேண்டும். கிளுவை வேலி நாலைந்து அடி அகலத்தைத் தின்றுவிடுகிறது என்பார்கள். அது உண்மை. ஆண்டுதோறும் கழித்துவிட ஆள் கிடைப்பதில்லை என்பார்கள். அதுவும் உண்மை. பாம்பு வரும் என்பார்கள். பாம்பு வரத்தான் செய்யும், அதன் பின்னால் எலி குறையும். சின்ன நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் போய் 'இயற்கையைக் காப்பாற்று' என்று உபதேசம் செய்வது சுலபம். அந்த நாலைந்து அடியின் விலையை யார் தருவது என்பதுதான் கேள்வி. கம்பி வேலிக்கு அரசு மானியம் தரலாம் என்றால், இருக்கிற உயிர்வேலியைக் கழித்துப் பராமரிக்கிறவருக்கும் ஏதாவது கொடுப்பதுதானே நியாயம்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. 'கிளுவை வெள்ளைப்போளத்தின் இனம், இதிலிருந்து மருந்து எடுக்கலாம்' என்று நாளைக்கு யாராவது கிளம்பலாம். ஆராய்ச்சி நடக்கட்டும், தவறில்லை. அதற்கான இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் இயங்கி வருகிறது. ஆனால் வேலிகளில் கத்தி வைப்பதற்கு முன்னால், பிசினுக்கென்று தனித்தோட்டம் போட வேண்டும். எவ்வளவு கீறலாம், எத்தனை ஆண்டு ஓய்வு தர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் சந்தையைத் திறக்க வேண்டும். குக்குலு விஷயத்தில் சந்தை முதலில் திறந்தது, தோட்டம் பிறகு வந்தது. அதே தப்பை இரண்டாம் முறை செய்தால் தெரியாமல் செய்ததாகச் சொல்ல முடியாது.

தென்சென்னைப் புறநகர் என்ன செய்யலாம்?

கொங்கு நாட்டு வேலிக்கும் திருமுடிவாக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தாம்பரத்தைச் சுற்றிய நிலமும் அடிப்படையில் பாறையும் முட்புதருமான பூமிதான். வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் அதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஏரிகளுக்குக் கீழே வயல், மேட்டில் புதர்க்காடு என்பதே பழைய அமைப்பு. வயல்கள் மனைகளாயின. திரிசூலம், பம்மல் பக்கத்துக் குன்றுகள் கல்குவாரிகளாயின. காலியாகக் கிடக்கும் மனைகளில் யாரும் நடாமலே சீமைக்கருவேலம் வேலியாக நிற்கிறது.

சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று 2017-ல் நீதிமன்ற உத்தரவுகளே வந்தன. பல ஊர்களில் வெட்டவும் செய்தார்கள். வெட்டிய இடத்தில் வேறு எதையும் நடாததால் அதுவே மறுபடி துளிர்த்துவிட்டது. வெற்றிடம் இருந்தால் அது வரத்தான் செய்யும். அந்த இடத்தில் ஒரு வரிசை கிளுவைப் போத்து நட்டால் என்ன? தொழிற்பேட்டைகளின் பின்புறச் சுவரோரம், பள்ளி கல்லூரி மைதானங்களின் எல்லை, ஏரிக்கு வெளியே இருக்கும் மேட்டு நிலம், கைவிட்ட கல்குவாரிகளைச் சுற்றியுள்ள வெட்டவெளி, இப்படி எவ்வளவோ இடங்கள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கையும் தேவை. எல்லா இடத்துக்கும் கிளுவை ஏற்றதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்ந்த பகுதிகளில் நட்டால் வேர் அழுகிப்போகும். தண்ணீர் நிற்காத மேட்டு நிலம்தான் அதற்கு வேண்டும்.

2022-ல் வண்டலூரில் 'பசுமைத் தமிழகம்' இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் மரம் நடுவிழா என்றாலே புங்கன், வேம்பு, பூவரசு என்று நிழல்மரங்களையே நினைக்கிறார்கள். நாற்றங்கால்களில் கிளுவைக்கும் குந்துருக்கத்துக்கும் ஒரு பாத்தி ஒதுக்கினால் பெரிய செலவாகாது. நிழல் தரும் மரம் மட்டும்தான் மரம் என்ற எண்ணமும் கொஞ்சம் மாறும்.

இதில் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. தாத்தா பாட்டியின் ஊர் கொங்குப் பக்கமாக இருந்தால், அடுத்த விடுமுறையில் அந்த வேலி இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வரலாம். வரும்போது நாலு போத்து கொண்டுவந்து பள்ளி எல்லையில் நடலாம். கடையில் சாம்பிராணி வாங்கும்போது 'இது எந்த மரத்துப் பிசின், எந்த ஊரிலிருந்து வருகிறது?' என்று ஒரு கேள்வி கேட்கலாம். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காகவாவது அவர் விசாரித்து வைப்பார்.

கலய நாயனாருக்குக் குங்கிலியத்தின் அருமை தெரிந்திருந்தது, அதற்காகத் தாலியையே கொடுத்தார். இன்றைக்கு யாரும் அவ்வளவு பெரிதாக எதையும் கொடுக்க வேண்டாம். நிலத்தின் ஓரத்தில் நாலடி இடம் கொடுத்தால் போதும், கிளுவை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.